குடல் இறங்கியவன் சிகரெட்டை விட்ட விதம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். வரி மேலே ஏறும், பிறகு கீழே இறங்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கையெழுத்து வைக்கச் சொன்ன இடங்களைத் தவிர வேறு எங்கும் நான் பேனை பிடித்ததில்லை.

இதை எழுத வேண்டி வந்தது கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்க்கும் மிஸியால். சிகரெட்டை நிற்பாட்டச் சொல்லி டொக்டர்மார் அனுப்பும் ஆட்கள் அங்கே உட்காரப் போட்டிருக்கிற வாங்கில் வரிசையாக இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று என் கதையைச் சொல்லும்படி மிஸி கேட்டார்.

“கொஞ்ச நேரம் கதைச்சாக் காணும் அண்ணை. நான் சொன்னாக் கேக்கினமில்லை. நீங்கள் சொன்னாக் கேப்பினம்.”

நாலு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் என் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்தன்றுகூட நான் வாய் திறந்தது குறைவு. “ஏலாது மிஸி. எழுதித் தாறன்” என்று சொல்லிவிட்டுத் தப்பி வந்தேன். அந்த வாங்கில் இருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொக்குவில் பக்கம் ஓரிடத்தில் சீமெந்துக் கல் அரிகிறேன். கலவையை அச்சில் போட்டு இடித்து, பலகையோடு தூக்கிக்கொண்டு போய், வெயிலில் வரிசையாக வைக்க வேண்டும். காய்ந்த கல்லை லொறியில் ஏற்றுவதும் நாங்கள்தான். போன வருஷம் ஒரு நாள் கல் ஏற்றிக்கொண்டிருந்தபோது வலது பக்க அரையில், தொடை தொடங்குகிற இடத்தில், சுரீரென்று ஒரு வலி. பிறகு பார்த்தால் அந்த இடத்தில் கோழி முட்டை அளவில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போகும். எழும்பி இருமினால் வெளியே வரும்.

இடம் அப்படிப்பட்ட இடம். யாரிடம் சொல்ல? சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். குனியும்போது ஒரு கையால் அந்த இடத்தை அமத்திப் பிடிப்பேன். அதைக் கண்டுபிடித்தது மனைவிதான்.

“என்னப்பா, கொஞ்ச நாளா நடை ஒரு மாதிரிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லையெண்டா ஏன் கையை உதுக்கை வைச்சுக்கொண்டு திரியிறியள்?”

அவள் விடவில்லை. ஆசுபத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் இருமச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது குடலிறக்கம், வெட்டித் தைக்க வேண்டும் என்றார். தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் குடல் அந்த ஓட்டைக்குள் சிக்கிக்கொள்ளும், அப்படிச் சிக்கினால் உயிருக்கே ஆபத்து, அதுவரைக்கும் பாரம் தூக்கவே கூடாது என்றும் சொன்னார். பாரம் தூக்காமல் கல் அரிகிற வேலை எங்கே இருக்கிறது?

ஒப்பரேசனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரிடம் அனுப்பினார்கள். அவர் இளம் ஆள். முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இருமச் சொன்னார். நான் இருமத் தொடங்கினால் நிற்பாட்டுவது என் கையில் இல்லை. அந்த இருமலிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“சிகரெட் பத்துறனீங்களோ?”

“ஓம் சேர்.”

“உதை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. நாலைஞ்சு கிழமை, ஒரு மாதமெண்டாலும் பத்தாமல் இருக்க வேணும். பிறகு பாப்பம்.”

எனக்குக் கோபம் வந்தது. நோய் வருத்தம் எங்கே, இவர் பார்க்கிற இடம் எங்கே? அரையில் ஓட்டை விழுந்தவனை நெஞ்சைக் காட்டித் திருப்பி அனுப்புகிறாரே என்று வெளியே வந்து மனைவியிடம் முணுமுணுத்தேன். அவரிடம் கேட்க வாய் வரவில்லை. பக்கத்து அறையில் இருந்த மிஸிதான் விளங்கப்படுத்தினார். சிகரெட் பத்துகிறவனுக்குச் சளி கட்டியிருக்கும். ஒப்பரேசன் முடிந்து இருமினால், ஒவ்வொரு இருமலும் உள்ளே இருந்து தையலை உதைக்கும். தையல் விட்டுப்போனால் திரும்பவும் வெட்ட வேண்டும். சிகரெட் இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறபடியால் காயம் ஆறச் சுணங்கும், சீழ் பிடிக்கும். நிற்பாட்டினால் அடுத்த நாளே இரத்தத்தில் நல்ல காற்றுக் கூடத் தொடங்குமாம்.

“உங்கடை வயித்துக்கும் உங்கடை நெஞ்சுக்கும் நடுவிலை சுவரொண்டும் இல்லை அண்ணை” என்றார்.

எப்படி நிற்பாட்டுவது என்றும் சொல்லித் தந்தார். ஒரு நாளைக் குறிக்க வேண்டும். அந்த நாளோடு முழுவதாக விட வேண்டும். வீட்டில், வேலையிடத்தில், கூட்டாளிமாருக்கு எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். ஆசை வந்தால் உடனே எழும்பி வேறு ஏதாவது செய்ய வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், மூச்சை ஆழமாக இழுத்து விடலாம். அந்த ஆசை கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும், அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார்.

எல்லாம் விளங்கியது. எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நான் கேட்காதது போல விட்டுவிட்டேன்.

நாள் குறிக்கிற வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கலண்டரைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“நாளைக்கு அட்டமி. நாளையிண்டைக்கு நவமி. அதுகளிலை ஒண்டும் தொடங்கேலாது.”

“தொடங்கிறதில்லையப்பா, இது நிப்பாட்டிறது.”

“நிப்பாட்டிறதையும் தொடங்கத்தானே வேணும்?”

பிறகு செவ்வாய்க்கிழமை கூடாது என்றாள். அதற்குப் பிறகு ஒரு கரிநாள். நல்ல நாள் வருவதற்குள் ஒரு கிழமைக்கு மேல் போய்விட்டது. அந்தக் கிழமை நான் பத்தியதுபோல என் ஆயுளில் பத்தியதில்லை. எப்படியும் விடத்தானே போகிறேன் என்ற துணிவு. வழக்கமாகப் பாதியில் அணைத்து வைப்பவன், விரல் சுடும்வரை இழுத்தேன். குறித்த நல்ல நாள் விடிந்தபோது என் நெஞ்சு முன்னையைவிட மோசமாக இரைந்தது.

அன்றைக்கு வேலையிடத்தில் பத்து மணித் தேநீர் வந்தது. மற்றவர்கள் பிளேன்ரீயை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்க் குந்தினார்கள். தீப்பெட்டி கைமாறியது. நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வெறுங்கையோடு நின்றேன். முதலாளி கேற்றடியில் இருந்து கூப்பிட்டார்.

“என்ன காணும், சும்மா நிக்கிறீர்? அந்தக் கல்லுகளுக்குத் தண்ணியை ஊத்துமன்.”

போய் ஊற்றினேன். அவர்கள் ஆறுதலாகப் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னேரத் தேநீருக்கும் அதே கதைதான். சிகரெட் பத்துகிற மனிதன் இளைப்பாறுகிறான். பத்தாதவன் சும்மா நிற்கிறான். எங்கள் வேலையில் இடைவேளை என்பது மணிக்கூட்டில் இல்லை, சிகரெட்டில்தான் இருக்கிறது. அது பத்தி முடியும்வரைக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள். இத்தனை வருஷம் அந்தக் கல்லுகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்து மூச்சு வாங்கியதெல்லாம் சிகரெட்டின் தயவில் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

எனக்கு அதில் இன்னொரு உதவியும் இருந்தது. கல்யாண வீட்டிலும் கோயில் வீதியிலும் யாராவது கதை கொடுத்தால் எனக்குப் பதில் வராது. கையில் ஒரு சிகரெட் இருந்தால் ஒரு பக்கமாக விலகி நிற்கலாம். பத்துகிறான் என்று விட்டுவிடுவார்கள். கை எங்கே வைப்பது என்ற யோசனையும் இல்லை. அது இல்லாமல் நிற்கும்போது என் இரண்டு கைகளும் வேறு யாரோ தந்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி இருந்தன.

இரண்டாம் நாள் தேநீருக்கு என்னோடு கல் அரிகிற கூட்டாளி, தன் சிகரெட்டில் பாதியை நீட்டினான்.

“இந்தா மச்சான். உன்ரை மூஞ்சையைப் பாக்கேலாமல் கிடக்கு. மனிசி ஏதும் அடிச்சுப்போட்டாளோ?”

எல்லாரும் சிரித்தார்கள். நிற்பாட்டியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்றால் ஒப்பரேசன். ஒப்பரேசன் என்றால் எங்கே? அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வராது. வாங்கிப் பத்தினேன். முதலாளியும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தேன். கராம்பை வாயில் அடக்கினேன். நாக்கு மரத்துப்போனது, ஆசை மரக்கவில்லை. இனிப்பு ரொபி சப்பினேன். பழைய பல்லொன்று வலிக்கத் தொடங்கியது. வேலையிடத்தில் ஒருவர் சொன்னார் என்று வெற்றிலை போடத் தொடங்கி, அதற்குள் ஒரு துண்டுப் புகையிலையும் வைத்தேன். அது நல்லாயிருந்தது. சிகரெட் நினைவே வரவில்லை. பெருமையாகப் போய் மிஸியிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார்.

“அண்ணை, நீங்கள் வாசலாலை போன கள்ளனைக் கூப்பிட்டுப் பின்பக்கக் கோடிக் கதவாலை உள்ளை விட்டிருக்கிறியள். அதுவும் புகையிலைதானே? வாயிலை புத்து வாறது உதாலைதான்.”

அதுவும் போயிற்று. இதற்கிடையில் வீக்கம் முட்டை அளவைத் தாண்டிவிட்டது. முதலாளியிடம் இடுப்பு வலி என்று சொல்லிப் பாரம் குறைந்த வேலையாகக் கேட்டு வாங்கினேன். பாரம் குறைந்தால் சம்பளமும் குறையும். வீட்டில் மீன் வாங்குவது நின்றது. ஒவ்வொரு முறை இருமும்போதும், இதோ சிக்கிவிட்டது, இதோ சிக்கிவிட்டது என்று பயந்து அந்த இடத்தை அமத்திப் பிடித்தேன். பயம் வந்தால் சிகரெட் வேண்டும். சிகரெட் பத்தினால் இருமல் வரும். இருமினால் பயம் வரும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. நான் இளமையில் இருந்து சஷ்டி பிடிக்கிறவன். அந்த ஆறு நாளும் பகலில் ஒன்றும் தின்பதில்லை, பின்னேரம் பாலும் பழமும்தான். சிகரெட்டும் இல்லை. இதில் எனக்கு ஒரு நாளும் கஷ்டம் இருந்ததில்லை. அந்த முறையும் அப்படித்தான். முதல் நாள் காலையில் குளித்துக் கோயிலுக்குப் போய்த் தருப்பை போட்டதோடு சிகரெட் என்ற ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே மறந்துபோய்விட்டது. வேலையிடத்திலும் யாரும் நீட்டவில்லை. முதலாளியே, “சஷ்டிக்காரன், போய் நிழலிலை இரும்” என்றார். இருமலும் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது.

எனக்குச் சந்தோஷம். இது போதும், இப்படியே இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் முருகன் கண் திறந்துவிட்டான் என்றாள்.

சூரன்போர் முடிந்து அடுத்த நாள் விடிய, விரதத்தை முடித்துச் சாப்பிடுகிற பாறணை. அவள் இருட்டோடு எழும்பிச் சமைத்திருந்தாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். தலைவாழையிலையில் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்தால், நான் வழக்கமாக இருக்கிற கதிரைக்குப் பக்கத்தில், சின்னத் தட்டில், இரண்டு சிகரெட்டும் தீப்பெட்டியும்.

வருஷா வருஷம் அப்படித்தான் இருக்கும். பாறணைச் சாமான் வாங்கப் போகிறபோது எங்கள் வீடு இருக்கிற ஒழுங்கையின் முகப்பில் இருக்கிற கடைக்காரர் தானாகவே இரண்டு சிகரெட்டைப் பேப்பரில் சுற்றிச் சாமானோடு போட்டுவிடுவார். ஆறு நாள் பட்டினி கிடந்த மனுசனுக்கு அது ஒரு உபசாரம். மனைவியும் வழக்கப்படி எடுத்து வைத்துவிட்டாள்.

“இதென்னப்பா?” என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயோ… கடைக்காரர் போட்டு விட்டவர். கை வழக்கத்திலை வைச்சிட்டன்.” பிறகு, “விரதம் முடிஞ்சுதுதானே. ஒண்டைப் பத்தினா என்ன வரப்போகுது?” என்றாள்.

அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கும் அந்தத் தட்டைப் பார்த்தபோது அதே எண்ணம்தான். விரதம் என்றால் முடிகிற நாள் ஒன்று இருக்கும். என் உடம்பு ஆறு நாளும் ஆசையில்லாமல் இருக்கவில்லை. ஏழாம் நாள் வரும் என்று தெரிந்து பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது. முதல் இழுப்பில் தலை சுற்றியது. இரண்டாவதையும் பத்தினேன். கிழமை முடிவதற்குள் பழைய கணக்குக்கு வந்துவிட்டேன்.

கார்த்திகையில் மயக்க மருந்து டொக்டரிடம் திரும்பப் போனேன். பத்துகிறேனோ என்று கேட்டார். ஓம் என்றேன். குழாயை எடுக்கவேயில்லை. இன்னொரு நாள் போட்டுத் தந்தார். முகத்தில் கோபமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏசியிருந்தாலாவது நானும் உள்ளுக்குள் ஏசியிருப்பேன்.

மிஸியின் அறையில் போய் இருந்தேன். வழக்கத்தில் கதைக்காதவன் அன்றைக்குக் கொட்டினேன்.

“கடவுளுக்கெண்டால் விட ஏலுது மிஸி. டொக்டருக்கெண்டால் விட ஏலாமல் கிடக்கு. நான் என்ன செய்ய?”

அவர் சிரிக்கவில்லை. “சஷ்டி நேரம் ஆரும் உங்களுக்குச் சிகரெட் நீட்டினவையோ?” என்று கேட்டார்.

“இல்லை.”

“ஏன்?”

“விரதமெண்டு எல்லாருக்கும் தெரியும்.”

“இப்ப நீங்கள் நிப்பாட்டிறியள் எண்டு ஆருக்குத் தெரியும்?”

நான் எழும்பப் பார்த்தேன்.

“உங்கடை மனிசிக்கும் எனக்கும்தான், என்ன?”

விரதம் என்பது ஒரு சொல். அதைச் சொன்னால் மேலே ஒரு கேள்வியும் வராது. எனக்கு வேண்டியிருந்தது அப்படி ஒரு சொல்தான். குடலிறக்கம் அப்படிப்பட்ட சொல் இல்லை. அதைச் சொன்னால் உடனே எல்லாருடைய கண்ணும் என் சாரத்துக்குப் போகும். “மிஸி, வேறை வழி இல்லையோ?” என்று கேட்டேன். சிகரெட்டை விடுவதற்குச் சப்புகிற மருந்து வெளியில் விற்கிறார்கள், ஆனால் அதைச் சப்பிக்கொண்டு போய்க் கூட்டாளிமாரோடு குந்தினால் பயனில்லை என்றார்.

மார்கழியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கிழவர் இறந்துபோனார். வயது போய் இறந்தவர், பெரிய அழுகை இல்லை. பந்தல் போட்டு, வாடகைக் கதிரைகளைப் போட்டிருந்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் ஓரமாக இருந்தேன். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருக்கிறவர் கதைப்பதே காதில் விழாது. எனக்கு அது வசதி.

செத்த வீட்டில் ஆம்பிளைகளுக்குத் தட்டம் வரும். வெற்றிலை, பாக்கு, சுருட்டு, சிகரெட், தீப்பெட்டி. வந்தவருக்கு வீட்டுக்காரர் செய்கிற மரியாதை அது. இறந்தவருடைய மருமகன் தட்டத்தோடு ஒவ்வொரு வரிசையாக வந்தார். என் முன்னால் நீட்டினார். கையைக் காட்டி வேண்டாம் என்றேன். அவருக்கு அது உபசாரத்துக்குச் சொல்கிற வேண்டாமாகத்தான் தெரிந்திருக்கும்.

“எடுங்கோ அண்ணை!” பறைக்கு மேலாகக் கத்தினார்.

திரும்பவும் கையை ஆட்டினேன்.

“மாமாவுக்கு உங்களிலை சரியான பட்சம்! எடுங்கோ!”

அவர் நகரவில்லை. முன்வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். தட்டம் என் மூக்குக்குக் கீழே. சுருட்டின் வாசம் வந்தது. எடுத்தால் பத்துவேன். பத்தினால் அடுத்த முறையும் அந்த டொக்டர் குழாயை எடுக்க மாட்டார். தட்டத்தோடு நின்ற மருமகனுக்கு விளங்கட்டும் என்று என் குரலில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் பறைக்கு மேலாகச் சொன்னேன்:

“எனக்கு வேண்டாம்! எனக்குக் குடல் இறங்கிக் கிடக்கு! உதைப் பத்தினா வெட்ட மாட்டினமாம்!”

பாதி வசனத்தில் பறை நின்றுவிட்டது. ‘குடல் இறங்கிக் கிடக்கு’ என்பதில் இருந்து மிச்சம் முழுவதும் பந்தல் முழுக்கக் கேட்டது. உள்ளே சவத்தைச் சுற்றி இருந்த பெண்களும் ஒரு கணம் அழுகையை விட்டார்கள்.

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. தட்டத்தோடு நின்றவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கொஞ்சம் கீழே பார்த்தார். எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் கதிரையோடு திரும்பினார்.

“எந்தப் பக்கம் தம்பி?”

“வலப் பக்கம்.”

“எனக்கு இடப் பக்கம்.” அவர் சேர்ட்டை விலக்கி இடுப்பில் கட்டியிருந்த பட்டியைக் காட்டினார். “நான் உதைக் கட்டிக்கொண்டு திரியிறன். வெட்டப் பயம்.”

“உங்களுக்கு வெட்டிறதுக்கு என்ன மிச்சம் கிடக்கு அப்பு?” என்று யாரோ கேட்க, அந்த வரிசை முழுவதும் தோள் குலுங்கியது.

“சவம் கிடக்க என்ன பகிடி உங்களுக்கு?” என்று உள்ளே இருந்து ஒரு பெண் குரல் வந்தது. பறை திரும்பத் தொடங்கியது. தட்டம் அடுத்த ஆளிடம் போனது.

இதைப் படிக்கிறவர்கள் அதோடு எனக்கு விடுதலை கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். அடுத்த நாள் விடிய ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று, “எப்பிடியண்ணை, இறங்கினது ஏறியிட்டுதோ?” என்று கேட்டார்கள். கூட்டாளி வேலையிடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத ஏலாது. இரண்டு நாள் நான் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை.

மூன்றாம் நாள் தாங்க முடியாமல் ஒழுங்கை முகப்புக் கடைக்குப் போனேன். பாறணைக்குச் சிகரெட் சுற்றிப் போட்டவர் அவர்தான். ஒன்று தரச் சொன்னேன்.

“உங்களுக்கு நான் தாறேல்லை அண்ணை. குடல் சிக்கிச் செத்தா ஆர் பதில் சொல்லிறது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காசு கொடுத்து வாங்குகிற சாமான், இவர் யார் மறுக்க? சைக்கிளை எடுத்துக்கொண்டு, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு சந்திக்குப் போனேன். அங்கே இருந்த கடைக்காரர் சிகரெட் பெட்டியில் கை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“நீங்கள்தானே அந்தச் செத்த வீட்டிலை…”

மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை. வழி முழுவதும் வாய்க்குள் ஏசிக்கொண்டு வந்தேன். வேலையிடத்திலும் ஒருவனும் நீட்டவில்லை. கூட்டாளி என்னைக் கண்டதும் புகையை மற்றப் பக்கம் ஊதினான். முதலாளி மட்டும், “வருத்தக்காரன், தேத்தண்ணி நேரம் குந்தட்டும்” என்றார். அந்த ஒன்றுதான் நன்மை.

ஆகவே மனத்திடத்தால் சிகரெட்டை விட்டேன் என்று நான் சொன்னால் அது பொய். கிடைக்காதபடியால் விட்டேன். மிஸி சொன்னதுபோல எல்லாருக்கும் சொன்னது வேலை செய்தது. ஆனால் அதைச் செத்த வீட்டில் கத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை.

விட்ட பிறகு உடனே சுகம் வரும் என்று நினைத்திருந்தேன். இருமல் கூடியது. கறுப்பாகச் சளி வந்தது. மிஸியிடம் ஓடினேன். நெஞ்சு தன்னைத் தானே கூட்டித் துடைக்கத் தொடங்கியிருக்கிறது, குப்பை வெளியே வரத்தான் செய்யும் என்றார். இதை முன்னமே சொல்லியிருக்கலாமே என்று எரிச்சல். வாயில் புண் வந்தது, மலம் இறுகியது, சின்னச் சத்தத்துக்கும் மனைவியில் சீறினேன். கோழி கத்தினாலும் சீறினேன்.

பிறகு நாக்குக்கு ருசி திரும்பியது. அதிலும் ஒரு சண்டை.

“கறியிலை இவ்வளவு உப்போ போடுறனீர்?”

“இருவது வருஷமா இவ்வளவுதான் போடுறன். அப்பவெல்லாம் உப்புக் காணாது காணாது எண்டு என்னை வதைச்சது ஆர்?”

மூக்கும் திறந்தது. கொடியில் கிடந்த என் பழைய சேர்ட்டை எடுத்து முகர்ந்தால் அணைத்த அடுப்பு மாதிரி நாறியது. இந்த நாற்றத்துக்குப் பக்கத்தில்தான் அவள் இவ்வளவு காலமும் படுத்திருக்கிறாள். ஒரு நாளும் சொன்னதில்லை. தை பிறந்த பிறகு ஒரு நாள், தண்டவாளத்தைக் கடக்கிற மேட்டில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறிவிட்டேன். ஏறி அந்தப் பக்கம் போன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

மாசியில் மயக்க மருந்து டொக்டர் குழாயை எடுத்தார். முதுகிலும் நெஞ்சிலும் வைத்துக் கேட்டார். இருமச் சொன்னார். இருமினேன், நின்றது.

“சரி. வெட்டலாம்” என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வெட்டினார்கள். தையல் பிடித்தது. காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. ஆறும்வரை வீட்டில் இருந்துவிட்டுச் சித்திரை முடிவில் வேலைக்குப் போனேன். பாரம் தூக்குவது கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை தந்தார்கள். பத்து மணிக்குத் தேநீர் வந்தது. வேப்பமரத்தடியில் போய்க் குந்தினேன். கூட்டாளி எனக்குப் பக்கத்தில் வந்து, புதிதாக ஒன்றை எடுத்து நீட்டினான்.

“இந்தா மச்சான். இனி என்ன, வெட்டியாச்சுத்தானே.”

அவன் நல்ல மனதோடுதான் தந்தான். இத்தனை மாதம் எனக்காகப் புகையை மற்றப் பக்கம் ஊதியவன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சஷ்டி முடிந்தது போல, அவர்களுக்கு என் விரதமும் முடிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டாலும் அந்தக் கடைக்காரர் தந்திருப்பார்.

செத்த வீட்டில் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது குடல் உள்ளே போய்விட்டது. காட்ட ஒன்றும் இல்லை. நெஞ்சுக்கும் இதயத்துக்கும் வரக்கூடிய ஆபத்து வருஷக் கணக்கில் குறைந்துகொண்டு போகும் என்று மிஸி சொன்னதை அங்கே குந்தியிருந்து நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் கூத்துப் பார்ப்பார்கள்.

“வேண்டாம்” என்றேன்.

“ஏன்?”

“வேண்டாம்.”

“ஏன்ரா, டொக்டர் இன்னும் விடேல்லையோ?”

அவன் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, தோளைக் குலுக்கித் தானே பத்தினான். எனக்கு வாய் ஊறியது. அவன் பத்தி முடிக்கும்வரை வெறுங்கையோடு அங்கேயே குந்தியிருந்தேன். முதலாளி கேற்றடியில் இருந்து என்னைப் பார்த்தார். கூப்பிட்டால், தேநீர் நேரம் முடியும்வரை குந்தியிருக்கப் போகிறேன் என்று சொல்லலாம் என நினைத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை.

வாங்கில் இருக்கிறவர்களே, இன்றைக்கும் காலையில் ஒரு முறை ஆசை வந்தது. தண்ணீர் குடித்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் சுணங்கித்தான் போனது. நாளைக்கும் வரும். இதற்குப் பாறணை இல்லை. அதுதான் இதில் பெரிய கரைச்சல்.

ஆனி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.